இலை கட்டாத வீடுகள்

என் வயதை ஒட்டியவர்கள் இதைப் படித்தால் ஒரு முறை தங்கள் மேல்கையைப் பார்த்துக்கொள்ளலாம். காசு அளவில் ஒரு வட்டத் தழும்பு இருக்கும், அம்மை குத்திய தழும்பு. சிலருக்கு இரண்டு இருக்கும். இன்றைய பிள்ளைகளுக்கு அது இல்லை. பெரியம்மை என்று ஒரு நோய் இருந்தது என்றால், பாடத்தில் படித்திருக்கிறோம் என்கிறார்கள். நாமும் அதைப் பாடத்தில்தான் படித்தோம். நாங்கள் படித்த அந்தக் கோடையில் அது எங்கள் தெருவிலும் இருந்தது.

என் அக்காவின் கையில் தழும்பு இல்லை. அவள் குழந்தையாக இருந்தபோது, அம்மை குத்துகிறவர் தெருவில் நுழைந்தார் என்று தெரிந்தால் அம்மா அவளைத் தூக்கித் தறிக்குழிக்குள் உட்கார வைத்து மேலே பாயைப் போட்டு மூடிவிடுவாளாம். நெசவு செய்பவர் கால் தொங்கவிட்டு உட்காரும் குழி அது, ஒரு பிள்ளை தாராளமாக ஒளியலாம். அக்காவுக்கு முன் பிறந்த ஒரு பிள்ளை காய்ச்சலில் போயிருந்தது. குத்தினால் இரண்டு நாள் காய்ச்சல் வரும் என்பது மட்டுமே அம்மாவின் காதில் விழுந்திருந்தது. எனக்குக் குத்தியது பள்ளிக்கூடத்தில். அங்கே ஒளிக்க அம்மாவுக்குக் குழி இல்லை.

அறுபதுகளின் நடுவில், ஒரு மாசி மாதக் கடைசியில், அக்கா தலைப்பிரசவத்துக்காக மாகறலில் இருந்த மாமியார் வீட்டிலிருந்து பெரிய காஞ்சிபுரத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவள் வந்த சில நாட்களில் தெருமுனையில் ஒரு வீட்டு வாசலில் வேப்பிலைக் கொத்து தொங்கியது. அம்மை குத்துகிறவர் அந்த வருஷமும் வந்தார். அக்காவின் வயிற்றைப் பார்த்துவிட்டு, கர்ப்பிணிக்குக் குத்துவதில்லை என்று தாண்டிப் போனார். அம்மா அன்று முதல் முறையாக அவர் பின்னால் தெருவில் நாலடி நடந்தாள். பிறகு எதுவும் கேட்காமல் திரும்பிவிட்டாள்.

அந்த வருஷம் எங்கள் பெண்கள் பள்ளிக்கு ஒரு புது டீச்சர் வந்திருந்தார். வெளியூர், சின்ன வயது. வேகமாக நடப்பார். நடக்கும்போது குடையை மடக்கியே வைத்திருப்பார். சுகாதாரப் பாடம் அவருடையது. நகரத்தில் ஏதோ பயிற்சிக்குப் போய் ஒரு திட்டத்தோடு வந்திருந்தார். தொற்றுநோய்ப் பாடத்தை நாங்கள் எழுதிப் படிக்கப் போவதில்லை, செய்து படிக்கப் போகிறோம் என்றார். பள்ளி விட்டதும் இருவர் இருவராகத் தெருத் தெருவாகப் போக வேண்டும். சாக்கடை, குடிதண்ணீர், காய்ச்சல் ஆகியவற்றைப் பார்த்து வந்து வகுப்பில் சொல்ல வேண்டும். வாரத்தில் மூன்று மாலை நெசவாளர் சங்கக் கட்டடத்தின் பின்கூடத்தில் பெரியவர்களுக்கு எழுத்து சொல்லிக்கொடுக்க வேண்டும். அங்கே எழுதும் சொற்களும் இதே பாடத்திலிருந்து வரும். நமக்குப் பாடம், அவர்களுக்கு எழுத்து, தெருவுக்குச் சுத்தம் என்று விரல்விட்டுச் சொன்னார்.

"புத்தகத்துல இருக்கிற கொசு யாரையும் கடிக்காது. தெருவுல இருக்கிறதுதான் கடிக்கும். அங்க போய்ப் படிங்க."

நாங்கள் சிரித்தோம். எங்களுக்கு அவரைப் பிடித்திருந்தது.

அடையாளத்துக்கு ஒரு பட்டை வேண்டும் என்று, விளையாட்டு விழாவுக்கு வாங்கி மிஞ்சிய மஞ்சள் துணியைக் கிழித்துக் கையில் கட்டிவிட்டார். மஞ்சள் மாரியம்மனுக்கு நேர்ந்துகொள்ளும் நிறம் என்பது டீச்சருக்குத் தோன்றவில்லை. மஞ்சள் கட்டிய கன்னிப் பெண்கள் இருவர் வாசலில் வந்து நின்றதும் சில வீடுகளில் எங்கள் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். ஒரு வீட்டில் ஒரு கிழவர் எழுந்து நின்று கும்பிட்டார். சாக்கடையைப் பார்க்க வந்திருக்கிறோம் என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. டீச்சரிடம் சொன்னபோது, மக்கள் நல்ல ஒத்துழைப்பு தருகிறார்கள் என்று சந்தோஷப்பட்டார்.

என் ஜோடி எதிர்வீட்டுப் பெண். ஒரே வகுப்பு. அவளுக்கு நாலு வயதில் ஒரு தம்பி இருந்தான், எப்போதும் அரைஞாண் கயிற்றோடு தெருவில் ஓடுவான். அவளுடைய அம்மாவை நான் அத்தை என்பேன். அத்தை சங்கக் கூடத்து வகுப்புக்கு வந்தாள். பட்டு இழைக்கும் கைகள் என்பதால் சிலேட்டுக் குச்சியை நூல் மாதிரி இரண்டு விரலில் லேசாகப் பிடிப்பாள். எழுத்து பூனைமயிர் போல மெல்லியதாக விழும்.

அம்மா என்ற சொல்லைப் பெண்கள் எல்லோரும் ஆசையாக எழுதினார்கள். அடுத்த சொல் அம்மை. எழுதிவிட்டார்கள். அடுத்த சொல்லுக்காக அழிக்கச் சொன்னபோது ஒருவரும் அழிக்கவில்லை. 

"ஆத்தாள எப்படி டீச்சர் கையால அழிக்கிறது?" என்றாள் அத்தை.

டீச்சர் சிரித்துக்கொண்டே ஈரத் துணியை எடுத்து வரிசையாக ஒவ்வொரு சிலேட்டையும் தானே துடைத்தார். அத்தை மட்டும் தன் சிலேட்டை மடியில் கவிழ்த்துக்கொண்டாள். பின்வரிசையில் ஒருத்தி, நல்ல வேளை எனக்கு எழுத்தே வரல, தப்பிச்சேன் என்றாள். இரண்டு பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் சுவரைப் பார்த்தார்கள். அத்தை அந்தச் சொல்லோடு சிலேட்டை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாமி மாடத்தில் வைத்தாள் என்று என் ஜோடி பிறகு சொன்னாள்.

வேப்பிலை விஷயத்தை இங்கே சொல்ல வேண்டும். அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலைக் கொத்தைச் செருகுவார்கள். அதைப் பார்த்தால் யாரும் படி ஏற மாட்டார்கள். நெருப்பு கேட்க மாட்டார்கள், மோர் வாங்க மாட்டார்கள். அந்த வீட்டில் தறி ஓடாது. அடுப்பில் தாளிப்பு இருக்காது. கடுகு வெடிக்கும் சத்தமும் எண்ணெய் வாசனையும் ஆத்தாளுக்கு ஆகாது என்பார்கள். குணமாகித் தலைக்குத் தண்ணீர் விடும்வரை அந்த வீட்டார் தெருவில் எந்தக் காரியத்துக்கும் வர மாட்டார்கள், வரவில்லை என்று யாரும் கோபித்துக்கொள்ளவும் மாட்டார்கள். நோயைப் பற்றி எதுவும் தெரியாமலே அந்தத் தெரு நோயாளியை ஒதுக்கிவைக்கக் கற்றிருந்தது.

டீச்சர் அதில் ஒரு பாதியைச் சரியாகப் பிடித்துக்கொண்டார். இலை இருந்தால் அங்கே நோய் இருக்கிறது. எனவே இலையைப் பார்த்தால் வந்து சொல்லுங்கள் என்றார். நாங்கள் சொன்னோம். டீச்சர் சுகாதார அதிகாரிகளிடம் சொன்னார். சாம்பல் நிறத்தில், பக்கமெல்லாம் மூடிய ஒரு வண்டி வந்தது. வேகவதி ஆற்றைத் தாண்டி ஊருக்கு வெளியே போட்டிருந்த ஓலைக் கொட்டகைக்கு நோயாளியைக் கொண்டுபோனார்கள். முதலில் போனவர் தெருமுனையில் பூக்கட்டும் பெண்ணின் மாமனார். அவர் திரும்பவில்லை. உடலையும் தெருவுக்குக் கொண்டுவரவில்லை. அந்தப் பெண் அன்று கட்டிய பூவை விற்காமல் அப்படியே கூடையோடு வாசலில் வைத்திருந்தாள். மறுநாளும் அது அங்கேயே இருந்தது. வாடிய மல்லிகைக்கு ஒரு புளித்த நாற்றம் உண்டு. அதைத் தாண்டித்தான் நாங்கள் பள்ளிக்குப் போனோம்.

வகுப்புச் சுவரில் டீச்சர் தெருக்களை வரைந்து ஒட்டியிருந்தார். இலை கட்டிய வீட்டுக்குப் பச்சைக் காகிதத்தில் ஒரு இலை. வண்டி வந்து போனபின் பச்சை குறையத் தொடங்கியது. பங்குனித் திருவிழா வந்தபோது எங்கள் தெருவுக்கு நேராக ஒரு இலையும் இல்லை. கல்வி அதிகாரி ஒருவர் வந்து பார்த்துவிட்டு, பிள்ளைகள் நினைத்தால் நோயை விரட்டலாம் என்பதற்கு இதுவே சாட்சி என்றார். நாங்கள் கைதட்டினோம். பிற்காலத்தில் நான் வேலை பார்த்த பத்திரிகை அலுவலகத்தில் நோய்க் கணக்குக் காட்டும் வரைபடங்கள் இதே மாதிரி மேசைக்கு வந்ததுண்டு. கோடு கீழே இறங்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சுவர்தான் ஞாபகம் வந்தது.

எங்கள் வீட்டில் அம்மாவும் அதே கணக்கைத்தான் பார்த்தாள். நான் பட்டையை அவிழ்க்கும்போதே, இன்றைக்கு எந்த வீட்டில் இலை என்று கேட்பாள். அதை வைத்து அக்கா எந்தப் பக்கம் உலாவலாம், யாரோடு பேசலாம் என்று முடிவு செய்வாள். அக்காவுக்கு இது வேடிக்கை.

"வாங்க, சானிடரி இன்ஸ்பெக்டர். எங்க வீட்ல ரெண்டு ஈ இருக்குது, ஒண்ணு நேத்துலேர்ந்து என் இட்லி மேலயே குந்திக்கினு இருக்குது. வண்டிய கூப்டு."

அவள் நன்றாகச் சாப்பிடுவாள், சாப்பிட்டுக்கொண்டே பேசுவாள். நடக்கும்போது இடுப்பில் கை ஊன்றிக் கொஞ்சம் சாய்ந்து நடப்பாள். குழந்தைக்கென்று மாமியார் கொடுத்த பழைய பருத்திப் புடவைகளைக் கிழித்துத் துணி தைத்து ஒரு மூங்கில் கூடையில் அடுக்கி வைத்திருந்தாள். அந்தக் கூடையில் யாரும் கை வைக்கக் கூடாது.

இலைகள் போன பிறகு தெருவில் வேறு சில மாறியிருந்தன. சாக்கடை பார்ப்பது என் வேலை என்பதால் அதைப் பார்த்தேன். வேப்பங்குச்சிகள், இலை உருவியவை, காகிதத்தில் சுற்றிச் சாக்கடையில் கிடந்தன. சில வீடுகளில் தறிச் சத்தம் மாறியிருந்தது. தறிச் சத்தத்தோடு பிறந்து வளர்ந்த காதுக்கு நெய்பவர் யார் என்று தெரியும். ஆள் மாறி உட்கார்ந்திருந்தார்கள், அடி விட்டு விட்டு விழுந்தது. எந்தத் தறியும் நிற்கவில்லை. நின்றால் கேட்பார்கள். இதையெல்லாம் நான் வகுப்பில் சொன்னேன். சாக்கடையில் குப்பை போடுவதைப் பற்றி அடுத்த மாலை பெரியவர்களுக்குச் சொல்லலாம் என்றார் டீச்சர்.

திருவிழா முடிந்த வாரத்தில் எங்கள் வீட்டுக்குப் புதுப் பாவு வந்தது. பட்டு இழைகளை விடியற்காலையில் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, இழை இழையாகப் பிரித்து உலர்த்த வேண்டும். ஒரு வீட்டு ஆட்களால் முடியாது. தெருவே வந்து இரண்டு பக்கமும் நின்று கை கொடுக்கும். அன்று எல்லா வீட்டிலிருந்தும் வந்திருந்தார்கள். யாரும் வராமல் இல்லை. வெயில் ஏறுவதற்கு முன்னால் அந்தச் சிவப்புப் பாவின் இரண்டு பக்கமும் தோளோடு தோள் நின்ற முகங்களை நான் பார்த்தேன். பேச்சு குறைவாக இருந்தது. எதிர்வீட்டு அத்தையும் வந்தாள். கண் சிவந்து, தூங்காத முகம். அடுப்புப் புகை என்றாள். என் ஜோடி அவளுக்குப் பக்கத்தில் நின்று, தலை நிமிராமல், அறுந்த இழைகளை முடிந்துகொண்டிருந்தாள். அவள் தம்பி அன்று பாவின் அடியில் புகுந்து ஓடவில்லை. திருவிழாவில் அலைந்ததில் தூங்குகிறான் என்றார்கள்.

தலைப்பிரசவத்துக்கு வந்த பெண்ணை அக்கம்பக்கத்து வீடுகள் முறைவைத்து அழைத்துச் சோறு போடும். பாவு நீட்டிய மறுநாள் எதிர்வீட்டின் முறை. அத்தை வந்து எங்கள் வாசல் படிக்குக் கீழே, தெருவில் நின்றபடி அழைத்தாள். உள்ளே வா என்றதற்கு வேலை கிடக்கிறது என்றாள். வெயிலாக இருக்குது, பொண்ணுக்கு முடியலன்னா இன்னொரு நாள் பாத்துக்கலாம் என்று அவளாகவே சொன்னாள். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். எதிர்வீட்டு வாசலில் இலை இல்லை. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அக்கா அதற்குள் புடவை மாற்றப் போயிருந்தாள்.

ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்து சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்தாள். என்ன போட்டார்கள் என்று அம்மா சாதாரணமாகக் கேட்டாள்.

"எல்லாம் போட்டாங்க, சாம்பார், ரசம், கூட்டு. ஆனா எதுலயும் தாளிப்பே இல்லமா. சப்புன்னு இருந்துச்சு. அத்தைக்கு இன்னா கடுகு வாங்கக் கூடவா வழியில்ல?"

அக்கா சிரித்துக்கொண்டே சொன்னாள். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் அப்படியே நின்றது. அரிசி ஒரு பக்கமாகச் சரிந்து தரையில் கொட்டியது. அம்மா அதைக் கவனிக்கவில்லை. எழுந்து, செருப்புகூடப் போடாமல் தெருவைத் தாண்டினாள். நான் பின்னால் போனேன்.

அத்தை கதவைத் திறந்து, வெளியே வந்து, கதவைத் தனக்குப் பின்னால் சாத்திக்கொண்டாள். சாத்துவதற்குள் உள்ளேயிருந்து வேப்பிலையும் மஞ்சளும் அரைத்த ஈர வாசனை வந்தது. இருவரும் மெதுவாகத்தான் பேசினார்கள். தெருவில் போனவர்களுக்கு இரண்டு பெண்கள் ஊர்க்கதை பேசுவது போலத்தான் இருந்திருக்கும்.

"ஏன் அண்ணி கூப்ட்ட?"

"கூப்டலன்னா நீ யோசிப்ப. பாவுக்கு வந்தேன், எழுத்துக்கு வந்தேன், இதுக்கு மட்டும் எப்டி வராம இருக்கிறது? நீயே வேணாம்னு சொல்லிடுவன்னுதான் தெருவுலயே நின்னேன்."

"நான் ஏன் வேணாம்னு சொல்றேன்? உன் வாசல்ல இலை இல்லியே."

"இலை கட்டனா வண்டி வரும். நாலு வயசு. அவன அங்க தனியா வுட்டுட்டுப் போச் சொல்றாங்க." அத்தை புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். "அவனுக்குத் தள்ளியேதான் ஒக்கார வச்சேன். கூடத்துக்கு இந்தப் பக்கம். உம்பொண்ணுக்குச் சின்ன வயசுல குத்தியிருப்பியே, அதுக்கு ஒண்ணும் ஆவாது."

அம்மா திரும்பி எங்கள் வாசலைப் பார்த்தாள்.

"எம்பொண்ணு கையில தழும்பு இல்ல அண்ணி."

"அய்யோ. தெரியாதே எனக்கு."

"யாருக்கும் தெரியாது" என்றாள் அம்மா.

அவ்வளவுதான். சண்டை இல்லை. அம்மா திரும்பி வந்து சிந்திய அரிசியைப் பொறுக்கினாள். அக்காவிடம் எதுவும் சொல்லவில்லை. என்னையும் சொல்லவிடவில்லை.

அதன் பிறகு வீட்டில் காத்திருப்பது ஒன்றுதான் வேலை. அம்மா சமைத்தாள், நூல் இழைத்தாள், வேளைக்கு ஒரு முறை ஏதோ ஒரு சாக்கில் அக்காவின் நெற்றியைத் தொட்டாள். தலையில் தும்பு ஒட்டியிருக்கிறது என்பாள், பொட்டு கலைந்திருக்கிறது என்பாள். அக்கா ஒரு நாள், என்னம்மா என்னைச் சுரைக்காய் மாதிரி அமுக்கிப் பாத்துக்கினே இருக்கிற என்றாள். என் ஜோடி பள்ளிக்கு வந்துகொண்டிருந்தாள். மஞ்சள் பட்டையோடு மாலைகளில் என்னோடு தெருவும் சுற்றினாள். வாசல்களில் நின்று, உங்க வீட்ல யாருக்காவது காய்ச்சல் இருக்குதா என்று அவள்தான் கேட்பாள். இல்லை என்பார்கள். அவளும் சரி என்பாள். அவர்கள் எங்களைப் பார்க்கும் பார்வையில் முன்பிருந்த பக்தி போயிருந்தது. நாங்கள் வருவது தெரிந்தால் ஜன்னல்கள் மெல்லச் சாத்தப்பட்டன. காலுக்குத் தண்ணீர் யாரும் ஊற்றவில்லை.

சித்திரையின் தொடக்கத்தில் ஒரு மத்தியானம் அக்கா இடுப்பு வலிக்கிறது என்று படுத்தாள். பிரசவ வலி என்று மருத்துவச்சிக்குச் சொல்லி அனுப்ப அப்பா எழுந்தார். அம்மா அக்காவின் நெற்றியைத் தொட்டுவிட்டு, உட்காருங்க என்றாள். இரண்டு நாள் அனலாகக் கொதித்தது. பிறகு முகத்திலும் முன்கையிலும் சின்னச் சின்னதாகச் சிவப்பு தெரிந்தது.

அப்பா அதிகம் பேசாதவர். அன்று பேசினார். இலை கட்டினால் மருத்துவச்சி படியேற மாட்டாள், வண்டியும் வந்துவிடும், பிரசவம் முடியட்டும், அதுவரை யாருக்கும் தெரிய வேண்டாம், தெருவில் எல்லோரும் அப்படித்தானே இருக்கிறார்கள் என்றார். அவர் சொன்னதில் ஒன்றும் தப்பில்லை. அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சோறு போடறேன்னு நாளைக்கு நான் எவளையாவது கூப்டணும். அவளும் வருவா" என்றாள்.

காலையில், குழாயடியில் கூட்டம் இருக்கும் நேரமாகப் பார்த்து, மணைப்பலகையைப் போட்டு ஏறி நின்று நிலைப்படிக்கு மேலே பெரிய வேப்பங்கொத்தைச் செருகினாள். சின்னக் கொத்தாக இல்லை, ஒரு கிளை. குழாயடியில் குடங்கள் நிரம்பி வழிந்தன. யாரும் நகர்த்தவில்லை. அம்மா இறங்கி, பலகையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அப்பா அக்காவின் புருஷனுக்குச் சொல்ல அப்போதே மாகறலுக்குப் புறப்பட்டார்.

முதலில் எதிர்வீட்டு வாசலில் இலை வந்தது. அத்தை கதவைத் திறந்து, எங்கள் வீட்டைப் பார்த்து ஒரு கணம் நின்று, கட்டினாள். அதற்கு இரண்டு வீடு தள்ளி ஒன்று. பிறகு அதற்கும் எதிரில். மதியத்துக்குள், நான் எங்கள் வாசலிலிருந்து தெருமுனைவரை நடந்தபோது, இலை இல்லாத வாசலைத் தேட வேண்டியிருந்தது. சில கொத்துகள் புதியவை. சில பல நாட்களாக வீட்டுக்குள் இருந்து வாடியவை. அவற்றை அப்படியே எடுத்து வெளியே கட்டியிருந்தார்கள். தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. நான் பிறந்ததிலிருந்து அந்தத் தெருவை அவ்வளவு அமைதியாகக் கேட்டதில்லை.

டீச்சர் வண்டியோடு வந்தார். யார் போய்ச் சொன்னார்களோ தெரியாது. தெரு நடுவில் இறங்கி, இரண்டு பக்கமும் பார்த்தார். குடை மடக்கியபடியே கையில் இருந்தது. வெயில் உச்சியில். என்னை அருகே கூப்பிட்டார்.

"இதெல்லாம் எப்போ கட்டினாங்க?"

"இன்னிக்குத்தான் டீச்சர்."

"எப்போ வந்தது?"

நான் எதிர்வீட்டு வாசலைப் பார்த்தேன். அவர் திரும்பக் கேட்கவில்லை. வரிசையாக வாசல்களைப் பார்த்துக்கொண்டே நின்றார், உதடு அசைந்தது. எண்ணினார் என்று நினைக்கிறேன். பாதியில் நிறுத்திவிட்டார்.

வண்டிக்காரர்கள் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார்கள். பிரசவமும் நெருங்கிவிட்டதால் அங்கே டாக்டர் இருக்கிறார், அதுதான் நல்லது என்று டீச்சர் அம்மாவிடம் சொன்னார். குரல் வகுப்பில் கேட்கும் குரலாக இல்லை. கூட நானும் வரலாமா என்றாள் அம்மா. சமீபத்தில் அம்மை குத்திக்கொண்டவர்களை மட்டும்தான் கொட்டகைக்குள் விட முடியும் என்றார் வண்டியோடு வந்தவர். அம்மாவுக்குக் குத்தியதே இல்லை. இனி குத்தினாலும் உடனே உள்ளே விட முடியாது என்றார் அவர். அம்மா தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு டீச்சரைப் பார்த்தாள்.

"நீங்க குத்திக்கினதா வகுப்புல கையக் காட்னீங்களாமே. எம்பொண்ணு சொல்லுச்சு."

"ஆமாங்க."

"அப்போ நீங்க கூடப் போறீங்களா?"

அதில் கோபம் இல்லை. குத்தலும் இல்லை. கடைக்குப் போகிறவரிடம் ஒரு சாமான் வாங்கிவரச் சொல்வது போலக் கேட்டாள். டீச்சர் வண்டியைப் பார்த்தார். அதன் பின்கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரு பலகையும், கழுவிய மருந்துத் தண்ணீரின் ஈரமும். அவருக்கு அப்போது இருபத்தைந்து வயது இருந்தால் அதிகம். கல்யாணம் ஆகவில்லை. மறுத்தால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

குடையை என் கையில் கொடுத்தார். அக்காவைக் கைத்தாங்கலாக ஏற்றியபின் அவரும் ஏறினார். மூங்கில் கூடையை அம்மா உள்ளே நீட்டினாள். டீச்சர் அதை மடியில் வைத்துக்கொண்டார். கதவைச் சாத்தினார்கள்.

வண்டி அதற்குப் பிறகு எங்கள் தெருவுக்கு வரவில்லை. அத்தனை பேருக்குக் கொட்டகையில் இடம் இல்லை. பதிலாக அம்மை குத்துகிறவர்கள் நாலைந்து பேராக வந்து, இலை கட்டிய வீட்டில் தொடங்கி, அதன் இரண்டு பக்கத்து வீடுகள், எதிர்வீடுகள் என்று எல்லோருக்கும் குத்தினார்கள். அம்மா முதல் ஆளாகக் கையை நீட்டினாள். யாரும் குழியில் ஒளியவில்லை. எதிர்வீட்டுப் பையன் பிழைத்தான். தெருவில் சிலர் பிழைக்கவில்லை. அவர்களைப் பற்றி எழுத அவர்கள் வீட்டில் ஆள் இருக்கிறார்கள்.

பள்ளி திறந்தபோது வகுப்புச் சுவரில் அந்தப் படம் இல்லை, அதை ஒட்டியிருந்த பசையின் தடம் மட்டும் இருந்தது. பெண் பிள்ளைகளைத் தெருவுக்கு அனுப்ப வேண்டாம் என்று நிர்வாகம் முடிவு செய்திருந்தது. சங்கக் கூடத்து வகுப்பும் நின்றது. டீச்சருக்கு மாற்றல் வந்து வேறு ஊருக்குப் போய்விட்டார். குடையைத் தலைமையாசிரியை அறையில் கொடுத்துவிட்டு வந்தேன். அவருக்குப் போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது.

அக்கா கோடை கழிந்து வந்தாள். அப்பா மாட்டுவண்டி வைத்துக் கூட்டி வந்தார். முகத்தை முக்காட்டால் மூடியிருந்தாள். கூடை இல்லை. குழந்தை பிறந்து அன்றைக்கே போய்விட்டது என்பது மட்டும் எங்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. மாகறலிலிருந்து யாரும் வரவில்லை. பல நாள் அவள் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஆடி மழை பெய்த ஒரு மாலையில் அவளாகவே ஆரம்பித்தாள்.

"அந்தம்மாவுக்கு ஒண்ணும் தெரியலமா. பிரசவத்தப் பாத்ததே இல்ல. கொழந்த அழலன்னதும் அவங்க அழுதாங்க. நான்தான் முதுகத் தடவிக் குடுத்துக்கினு இருந்தேன்."

அம்மா விளக்குத் திரி உருட்டிக்கொண்டிருந்தாள். அடுத்த திரிக்குப் பஞ்சை எடுத்தபடி, கொழந்த எப்டி இருந்துச்சு என்று கேட்டாள்.

"நான் பாக்கல. அப்போ எனக்குக் கண்ணு ரெண்டும் ஒட்டிக்கினு இருந்துச்சு. டீச்சர்தான் கையில வச்சுக்கினு ஒண்ணொண்ணா பாத்துச் சொன்னாங்க. நெறைய முடியாம். வெரலு நீளமாம். மூக்கு அப்டியே தாத்தா மூக்காம், நம்ம அப்பா மூக்கு."

அம்மாவின் முகத்தில் ஏதோ தளர்ந்தது. தறிப் பக்கம் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அப்பா கையை உயர்த்தித் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அந்த வீட்டில் அப்போதிலிருந்து அந்தக் குழந்தைக்கு ஒரு முகம் இருந்தது. அக்கா சாகும்வரை அதைப் பற்றிப் பேசினாள்.

டீச்சர் எங்கள் அப்பாவைப் பார்த்ததில்லை. வகுப்புக்கு வந்தது பெண்கள் மட்டும். வண்டி வந்தபோது அப்பா மாகறலில் இருந்தார். கொட்டகையில் பெண்கள் இருந்த பக்கம் பார்க்கப் போகும் ஆண்களை விடவில்லை. திரியை நெய்யில் நனைத்து அம்மா விளக்கேற்றும்வரை நான் இதையெல்லாம் மனசுக்குள் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். பிறகு எழுந்து போய் அவர்களோடு உட்கார்ந்துகொண்டேன்.